கல்வராயன் மலையிலிருந்து ஒரு நஞ்சம்மா ஏன் வரவில்லை?

2022 செப்டம்பர் 30 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் 68-வது தேசியத் திரைப்பட விருதுகள் வழங்கப்பட்டபோது தமிழ்நாட்டின் கண்ணெல்லாம் ‘சூரரைப் போற்று’ குழுவின் மேல்தான் இருந்தது. சூர்யா, அபர்ணா பாலமுரளி, ஜி.வி.பிரகாஷ் என்று நாம் கொண்டாடுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். அதே மேடையில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருதை வாங்க, அறுபது வயதைக் கடந்த ஓர் இருளர் பெண் நடந்து வந்தார். ஆடு மாடு மேய்ப்பவர். பெயர் நஞ்சம்மா. விருதைக் கையில் கொடுத்தவர் சந்தால் பழங்குடியில் பிறந்து குடியரசுத் தலைவரான திரௌபதி முர்மு. இந்தியக் குடியரசின் நெடிய விழா வரலாற்றில் இப்படி ஒரு கொடுப்பவரும் இப்படி ஒரு வாங்குபவரும் எதிரெதிரே நின்ற தருணங்கள் மிகச் சில.

விருது ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்துப் பாட்டுக்கு. பாடியவர் நஞ்சம்மா. பாட்டைக் கட்டியவரும் நஞ்சம்மாதான். குழந்தைக்குச் சோறூட்டும்போது மரத்தையும் பூவையும் வானத்தையும் காட்டிப் பேச்சுக் கொடுப்போமே, அந்தப் பேச்சுதான் பாட்டு. அவருடைய மக்கள் பேசும் இருளர் மொழியில் அது இருக்கிறது. இசையமைப்பாளர் ஜேக்ஸ் பிஜாய் சுற்றிலும் வாத்தியம் சேர்த்தார். குரலைச் சீர்செய்ய முனையவில்லை. அந்த அடக்கத்துக்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

சொந்த மண்ணின் பேச்சில், தன் வாழ்க்கையிலிருந்தே, தானே பாட்டுக் கட்டித் தானே பாடும் ஆட்களை வைத்து அமெரிக்காக்காரர்கள் ‘கன்ட்ரி மியூசிக்’ என்று ஒரு பெருந்தொழிலையே நடத்துகிறார்கள். நமக்கு அப்படிப்பட்ட ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டு. கல்வராயன் மலையிலும் உண்டு. ஆனால் பெயரைச் சொன்னால் மாநிலமே ‘அட, அவரா!’ என்று தலையாட்டும்படி ஒரு பாட்டுக்காரரோ பாட்டுக்காரியோ அந்த மலையிலிருந்து இறங்கி வரவில்லை. அந்த மலை இருக்கும் கள்ளக்குறிச்சியின் பெயர் கடைசியாக நாடு முழுக்க ஒலித்தது 2024 ஜூனில், கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது. பாட்டுக்காக ஒலித்ததே இல்லை. இது திறமைக் குறைவா என்றால் நிச்சயமாக இல்லை. பின் எதன் குறைவு? நஞ்சம்மாவின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

அட்டப்பாடியில் இருந்த ஏணி

நஞ்சம்மா பிறந்தது கோவைப் பக்கத்து மலையடிவாரத்தில், தமிழ்நாட்டில். வாழ்க்கைப்பட்டுப் போனது எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. அங்கே அகளிக்கு அருகே பழங்குடிக் குடியிருப்பில் குடித்தனம், கால்நடை, கூலிவேலை. பாட்டு அவருக்குத் தனித் தொழிலாக இருந்ததில்லை. இருளர் வீடுகளில் பிறப்புக்கும் இறப்புக்கும் பாட்டு வேண்டும், ஆட்டம் வேண்டும். தாய் பாடியதை மகள் பாடுவாள். பாடிக்கொண்டே இரண்டு வரி கூடச் சேர்ப்பாள்.

இவ்வளவும் எந்த மலையிலும் நடக்கும். அட்டப்பாடியில் கூடுதலாக ஒன்று நடந்தது. பழனிசாமி என்ற பழங்குடிக் கலைஞர் ஆசாத் கலா சங்கம் என்று ஒரு குழுவை நடத்திவந்தார். ஊர்ச் சடங்குகளில் பாடிய பெண்களை அந்தக் குழு மேடைக்கு அழைத்து வந்தது. நஞ்சம்மா அதில் சேர்ந்தார். விழா, பள்ளி, கல்லூரி என்று பாடப்போனார். இருளர் மொழியைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தில் அவர் குரல் இடம்பெற்றது. ஆக, சினிமா வந்து கதவைத் தட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் மைக்கைப் பார்த்துவிட்டார். தன்னுடைய பாட்டு வெளியூர்க்காரர்கள் முன்னாலும் நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இயக்குநர் சச்சி ‘அய்யப்பனும் கோஷியும்’ கதையை அட்டப்பாடியில் வைத்தபோது, அந்த மண்ணின் குரல் ஒன்றைத் தேடினார். பழனிசாமி படத்தில் நடித்தார். அவர் வழியாக நஞ்சம்மா வந்தார். கதாநாயகன் பிருத்விராஜ் யாரென்றே அந்த அம்மாவுக்குத் தெரியாது என்ற செய்தியைக் கேரளப் பத்திரிகைகள் ரசித்து ரசித்து எழுதின. (நகரத்து ஆட்களுக்கு இந்த மாதிரி வெகுளித்தனத்தில் ஒரு தனி ருசி. பிருத்விராஜுக்கு அதற்குமுன் நஞ்சம்மாவைத் தெரியுமா என்று யாரும் எழுதவில்லை.) 2020 பிப்ரவரி 7-இல் படம் வெளியானது. பாட்டு யூடியூபில் கோடியைத் தாண்டி ஓடியது. சச்சி அந்த வெற்றியை அனுபவிக்க அதிக நாள் இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 18-இல் இறந்துபோனார். 2022-இல் அவருக்கும் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது, இறப்புக்குப் பின்.

விருது அறிவிக்கப்பட்டதும் ஒரு சலசலப்பு எழுந்தது. ஆயுள் முழுவதையும் சங்கீதத்துக்குக் கொடுத்தவர்கள் இருக்க, சுருதிப்பெட்டியை வைத்துப் பயிற்சி எடுக்காத ஒருவருக்கா இந்த விருது என்று கேரளத்து இசைக்கலைஞர் ஒருவர் பொருமினார். உடனே பல இசையமைப்பாளர்களும் பாடகர்களும் நஞ்சம்மா பக்கம் நின்றார்கள். எனக்கு அந்தப் பொருமலில் ஒரு பயன் தெரிந்தது. நம் ஊர்ச் சபாக்களிலும் இதே எண்ணம் பலருக்கு இருக்கிறது. வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். கிராமத்துப் பாட்டென்றால் ‘இயல்பாக’ வருவது, உழைப்பில்லாமல் வருவது என்ற நினைப்பு. ஒரு சாவு வீட்டில் விடியவிடிய, ஒரு வரியும் திரும்பாமல், இறந்தவர் வாழ்க்கையையே பாட்டாக அடுக்கும் கிழவியிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

நஞ்சம்மா கதையில் இன்னொரு அத்தியாயம் உண்டு. அது விருதுக் கட்டுரைகளில் கடைசிப் பத்தியாகக்கூட வருவதில்லை. கணவர் குடும்பத்துக்கு உரிய நிலம் பிறர் கைக்குப் போய்விட்டதென்று அவர் நெடுங்காலமாகப் போராடி வருகிறார். தேசிய விருது வாங்கிய பின்னும் அந்த வழக்கு தொடர்ந்தது. விருது கிடைத்ததால் நடந்தது ஒன்றே: நிலப் பிரச்சினை செய்தியாகிவிட்டது. இதேபோல் நிலத்தை இழந்த, பாடத் தெரியாத இருளர்களின் வழக்குகள் செய்தியாவதில்லை.

மூன்று அண்ணன் தம்பிகளின் மலை

இனி நம் மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறினால் வெள்ளிமலை. அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை. இடையிலுள்ள ஊர்களில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. இவர்கள் பேசுவது தமிழ்.

அவர்களுடைய வரலாறே பாட்டாகத்தான் கைமாறி வந்திருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் மலைக்கு ஒருவராகப் பிரிந்து குடியேறிய கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் எழுதிவைத்தார். கதை அச்சேறியது. அதை அவருக்கோ அவருக்கு முந்தைய அதிகாரிகளுக்கோ பாடிச் சொன்ன மலைக்காரர் யார் என்பது அச்சேறவில்லை. இந்தக் கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரப்போகும் விஷயம் இதுதான்.

சாமையும் தினையும் கேழ்வரகும் விதைக்கும்போது ஒரு பாட்டு, களையெடுக்கும்போது வேறு, பொங்கலுக்குக் காளையை விரட்டும் எருதாட்டத்துக்குத் துடுக்கான கேலி, கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை வாரும் பாட்டு, கரியராமர் கோயில் திருவிழாவுக்குத் தெய்வப் பாட்டு, சாவுக்கு ஒப்பாரி. எல்லாம் தேன் என்று சொல்லமாட்டேன். நாலு மணி நேரம் ஒரே அடியில் நகரும் தெய்வப் பாட்டில் பக்தி இல்லாதவருக்குத் தூக்கம்தான் வரும். சில கேலிப் பாட்டுகளில் பெண்ணையும் பிற சாதியையும் இழிக்கும் வரிகள் உண்டு. அவற்றை ‘மண் வாசனை’ என்று பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் ஒப்பாரி வேறு தரம். அது ஒன்றில்தான் பாடுகிறவள் கட்டாயமாகப் பாட்டாசிரியையும் ஆகிறாள். செத்தவன் பெயர், அவன் நட்ட மரம், வைத்துவிட்டுப் போன கடன், குடித்துத் தொலைத்த காசு எல்லாம் அன்றைக்கே வரியாக வேண்டும். முந்தின சாவின் பாட்டு இந்தச் சாவுக்கு உதவாது.

2024 ஜூனில் கருணாபுரத்துத் தெருக்களில் தொலைக்காட்சி கேமராக்கள் ஓடியபோது அங்கே ஒப்பாரி வைத்த பெண்களின் குரல் செய்தியாளரின் பேச்சுக்குப் பின்னணி ஓசையாக மட்டும் கேட்டது. அந்த வாரம் தமிழ்நாட்டிலேயே மிகக் கூர்மையான சாராய எதிர்ப்புப் பாட்டு அங்கேதான் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஒலியைத் தணித்துவிட்டு நாம் நிபுணர்கள் பேசுவதைக் கேட்டோம்.

ஒரு தொப்பிக் கடையில் பிறந்த இசை

மலைப்பாட்டு தொழிலாவது எப்படி? அமெரிக்காவில் அதற்கு ஊரும் தேதியும் சொல்ல முடிகிறது. டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லைக்கோடு நடுத்தெருவில் ஓடும் பிரிஸ்டல் என்ற சிற்றூர். 1927 ஜூலை கடைசியில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனியின் ரால்ஃப் பியர் அங்கே தொப்பியும் கையுறையும் விற்ற கட்டடம் ஒன்றில் ஒலிப்பதிவு இயந்திரத்தை இறக்கினார். முதலில் கூட்டம் இல்லை. அந்தப் பக்கத்துப் பாடகர் எர்னஸ்ட் ஸ்டோன்மன் இசைத்தட்டால் முந்தைய ஆண்டு 3,600 டாலர் சம்பாதித்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. மறுநாளிலிருந்து அப்பலாச்சிய மலைக் குடும்பங்கள் பிடிலும் பாஞ்ஜோவுமாக இறங்கி வரத் தொடங்கின.

கார்ட்டர் குடும்பம் இரவல் காரில் வந்தது. ஏ.பி.கார்ட்டர், மனைவி சாரா, சாராவின் உறவுக்காரி மேபெல். மேபெல் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் ஆறு பாட்டு பதிவாயின. 4-ஆம் தேதி ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடினார். ரயில்வேத் தொழிலாளியாக இருந்து காசநோயால் வேலையை விட்டவர். அதே நோய் 1933-இல் முப்பத்தைந்தாவது வயதில் அவரைக் கொண்டுபோனது. இடையில் இருந்த ஆறே ஆண்டுகளில் அவர் பெயர் அமெரிக்கா முழுதும் தெரிந்துவிட்டது. இன்று கன்ட்ரி இசையின் தந்தை என்கிறார்கள்.

பியர் கலைத்தொண்டு செய்ய வந்தவரில்லை. ஒரு பாட்டுக்கு 50 டாலர் ரொக்கம், விற்பனையில் ஒரு சிறு பங்கு. பதிப்புரிமை அவர் நடத்திய பதிப்பகத்துக்கு. அதனால் ஏற்கெனவே பலர் பாடிய பழம்பாட்டு அவருக்கு வேண்டாம். புதிதாகக் கட்டியதோ, புதிதாக மாற்றியமைத்ததோ வேண்டும். மலைக்காரர்கள் உட்கார்ந்து சொந்தமாகப் பாட்டுக் கட்ட இந்தப் பேராசைதான் காரணம். தானே எழுதித் தானே பாடும் கலைஞர் என்ற வகையே ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து முளைத்தது என்றால் மிகையில்லை.

அந்தக் கணக்கில் விடுபட்டவர் ஒருவர் உண்டு. லெஸ்லி ரிட்டில். ஒற்றைக் காலோடு வாழ்ந்த கறுப்பினக் கிதார்க்காரர். ஏ.பி.கார்ட்டர் மலை மலையாகப் பாட்டுச் சேகரிக்கப் போனபோது கூடவே போனார். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்ள, மெட்டை மனத்தில் பிடித்து வந்து சாராவுக்கும் மேபெலுக்கும் சொல்லிக் கொடுத்தவர் ரிட்டில். இசைத்தட்டில் கார்ட்டர் பெயர் இருந்தது. ரிட்டிலை உலகம் கண்டுகொள்ள 1960-கள் வரவேண்டியிருந்தது.

வானொலி, கட்சி, சினிமா

நம் பக்கம் யார் வந்து இயந்திரத்தை இறக்கினார்கள்? இசைத்தட்டுக் கம்பெனிகள் சென்னைக்கு வந்தன. கச்சேரியும் நாடகப் பாட்டும் எடுத்துக்கொண்டு போயின. வயல் பாட்டு பக்கம் அவர்கள் அதிகம் திரும்பவில்லை. எனவே இங்கே பாட்டுக்காரர்களுக்குக் கிடைத்த ஏணிகள் மூன்றுதான்: வானொலி, கட்சி, சினிமா.

கட்சி ஏணியில் ஏறியவர்களில் முதல் வரிசை பாவலர் வரதராசன். பண்ணைப்புரத்துக்காரர். கம்யூனிஸ்ட் மேடைகளுக்காகப் பாட்டுக் கட்டினார், ஆர்மோனியம் வாசித்தார், பாடினார். மக்களுக்குப் பழகிய சினிமா மெட்டில் கூலியையும் கங்காணியையும் ஏற்றினார். பல சமயம் காலையில் கேட்ட ஊர்ச்செய்தி மாலைக் கூட்டத்தில் பாட்டாகிவிடும். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களிடையே அவர் பாடிய பாட்டுகள்தான் கட்சியை வெல்லவைத்தன என்று பழைய தோழர்கள் இன்றும் அடித்துச் சொல்வார்கள். அந்தக் குழுவில் வாசித்த தம்பி ராசய்யாதான் பிறகு இளையராஜா. அண்ணன் 1973-இல் மறைந்தார். ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். தம்பிகளின் படக் கம்பெனிக்குப் பாவலர் கிரியேஷன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ‘அலைகள் ஓய்வதில்லை’ பார்த்த தலைமுறைக்கு அந்தப் பெயர்ப்பலகை நினைவிருக்கும். அது யாருடைய பெயர் என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

கொல்லங்குடி கருப்பாயிக்கு வாய்த்தவை வானொலியும் சினிமாவும். சிவகங்கைச் சீமையில் நாற்று நடவிலும் களையெடுப்பிலும் பாடிக்கொண்டிருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. என்ன தலைப்புக் கொடுத்தாலும் அந்த நிமிடமே பாட்டாக்குவார். வானொலியில் அவர் குரல் பிரபலமான பிறகு பாண்டியராஜன் 1985-இல் ‘ஆண்பாவம்’ படத்துக்கு அழைத்துவந்தார். இளையராஜா அவருடைய பாட்டை அவர் வாயாலேயே பாடவைத்தார். அறுபதை நெருங்கிய ஒரு கிராமத்துப் பெண் திரையில் தோன்றித் தன்னுடைய பாட்டையே பாடியது தமிழ் சினிமாவில் அதற்குமுன் நடந்ததாகத் தோன்றவில்லை. 1993-இல் கலைமாமணி. சில படங்கள். பிறகு நீண்ட அமைதி, முதுமை, பணமுடை. 2025 ஜூனில் 99-ஆம் வயதில் மறைந்தார். இரங்கல் செய்திகளில் எல்லாரும் ‘ஆண்பாவம் பாட்டி’ என்று எழுதினார்கள். தொண்ணூற்றொன்பது ஆண்டு வாழ்ந்து, எண்ணிக்கையில்லாமல் பாட்டுக் கட்டியவரின் அடையாளம் ஒரே ஒரு படம்.

நஞ்சம்மா, வரதராசன், கருப்பாயி ஆகிய மூவரில் யாரும் ஏணி இல்லாமல் மேலே வரவில்லை. பழனிசாமியின் குழு, கட்சிக் கிளை, வானொலி நிலையம். எல்லாம் ஒரு பஸ் பயணத்தில் எட்டக்கூடிய இடத்தில் இருந்தன.

1976 வரை ஜாகீர்

கல்வராயன் மலைக்கு அந்தப் பஸ்ஸே எப்போது வந்தது? நாடு விடுதலையடைந்து, குடியரசாகி, மாநில எல்லைகள் மாறி, ஆட்சிகள் மாறிய பின்னும் அந்த மலை ஜாகீர்தாரர்கள் கையில்தான் இருந்தது. தென்னாற்காட்டுப் பகுதியில் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். உழுகிறவன் கலப்பைக்கு வரி, இலவச உழைப்பு, நிலத்துக்குப் பட்டா கிடையாது. அரசு 1963-இல் ஒழிப்பு ஆணையிட்டது. வழக்குகள் இழுத்து இழுத்து, மலை அரசு நிர்வாகத்துக்குள் வந்தது 1976 ஜூனில். அதாவது பாவலர் வரதராசன் பாடி முடித்து மறைந்து மூன்று ஆண்டுக்குப் பிறகுதான் கல்வராயன் மலைக்காரருக்குத் தாசில்தாரே வந்தார்.

ஜாகீர்தாரைப் பழித்து ஒருவர் பாட்டுக் கட்டியிருந்தால் அதை எந்த மேடையில் பாடியிருப்பார்? திருச்சி வானொலி 1939-இலேயே ஒலிபரப்பத் தொடங்கியது. புதுச்சேரி நிலையமும் வந்தது. அலைவரிசை மலையை எட்டியிருக்கலாம்; மலைக்காரர் அந்த நிலையத்தை எட்டுவது எப்படி? 2024-இல் சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது. நீதிபதிகள் அரசிடம் கேட்டவற்றில் சாலையும் போக்குவரத்தும் இருந்தன. 2024-இல்.

சாலை வந்தபோதும் அது பாடுவதற்குப் போகும் சாலையாக இருக்கவில்லை. காபித் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் ஆட்களை இறக்கிக்கொண்டு போனது. பக்கத்து மலைகளான ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் மரம் வெட்டப் போனவர்கள் 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் சுடப்பட்ட இருபது பேரில் இருந்தார்கள். அவர்களும் மலையாளிப் பழங்குடியினர்தான். ஆறு மாதம் ஊரில் ஆளில்லாத இடத்தில் களையெடுப்புப் பாட்டு யாருக்கு? நிலம் மரவள்ளிக்கு மாறிய பிறகு சாமைக்கான பாட்டும் மெல்ல நின்றது. மாணவர் விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பாட்டியிடமிருந்து பாட்டைக் கேட்கும் வயதில் ஊரிலேயே இல்லை. படிப்பு வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பள்ளிகளின் ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆட வைக்கிறோமே, அதை மாற்றுவதற்கு அரசாணை ஏதும் தேவையில்லை.

ஒரு வரலாற்று வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இதே மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையில், திருக்கோவலூர் இருக்கிறது. பாணருக்கும் புலவருக்கும் தேரை அள்ளிக் கொடுத்தவன் என்று புறநானூறு புகழும் மலையமான் திருமுடிக்காரியின் ஊர். பாரிக்காகப் பாடிய கபிலர் கடைசியில் உயிர்விட்ட இடம் என்று ஆற்றின் நடுவே ஒரு பாறையை இன்றும் கபிலர் குன்று என்கிறார்கள். வீரட்டானேசுவரர் கோயிலில் ராசராசன் காலத்துக் கல்வெட்டு அந்த நிகழ்வைச் சொல்கிறது. பாடியவருக்குத் தேர் கொடுத்த மண். மலையமான் என்ற பெயரிலேயே மலை இருக்கிறது. மலைக்குப் போக மட்டும் தேர் கிடைக்கவில்லை.

மரத்துக்கு இருக்கும் முத்திரை பாட்டுக்கு இல்லை

கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு எங்கோ செதுக்கியதைக் கள்ளக்குறிச்சிச் சிற்பம் என்று விற்க முடியாது. சிற்பிக்கு அதனால் லட்சங்கள் கொட்டிவிடவில்லை. ஆனாலும் ஊர்ப் பெயர் சட்டத்தில் ஏறிவிட்டது. பாட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், எழுதியவர் யாரென்று தெரிந்தால் அவர் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு உரிமை தருகிறது. பாடியவருக்குத் தனியாக 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை உண்டு. 2012 திருத்தம் அதை வலுப்படுத்தியது. நடைமுறையில் எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: பெயர் தெரிய வேண்டும். ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று ஒட்டிவிட்டால் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். திரைப்படத்தில் வரும் கிராமத்து மெட்டுகளுக்கு நேர்வது இதுதான். முதல் வரியும் மெட்டும் ஊருடையவை, இரண்டாம் வரியிலிருந்து பாடலாசிரியருடையவை, சம்பளம் மொத்தமும் அவருடையது. ரால்ஃப் பியரின் பேராசையாலாவது கார்ட்டர்கள் பெயர் பதிவாயிற்று.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இலிருந்து இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் கலை இளமணி தொடங்கிக் கலை முதுமணி வரை வயதுவாரியாக விருது தருகிறது. மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகச் சென்று பாட்டுச் சேகரித்தார்கள்; அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது மகிழாதவர் இல்லை. ஆனால் இவையெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவரையும், குழுவாக மேடை ஏறிப் பழகியவரையும் நோக்கி அமைந்தவை. ஒப்பாரி பாடும் கிழவி எந்தக் குழுவிலும் இல்லை. அவர் தன்னைக் கலைஞர் என்று நினைத்ததும் இல்லை. அவரைத் தேடி ஒருவர் போக வேண்டும். அட்டப்பாடிக்கு வாய்த்த பழனிசாமி கல்வராயனுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-இல். புது மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் வேண்டும், மருத்துவக் கல்லூரி வேண்டும், எல்லாம் சரி. கூடவே மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடிய, அதிகச் செலவில்லாத காரியம் ஒன்று உண்டு. வெள்ளிமலையில் ஒரு சிறு ஒலிப்பதிவு அறை. சுற்றியுள்ள ஊர்களின் பாட்டுகளை, கட்டியவர் பெயரோடும் பாடியவர் பெயரோடும் பதிந்து பாதுகாக்க உள்ளூர் இளைஞர் இரண்டு பேருக்குச் சம்பளம். அந்தப் பதிவை ஒரு படக் கம்பெனி கேட்டால் பாடியவர் வீட்டுக்குப் பணம் போகும்படி ஓர் ஒப்பந்தப் படிவம். படிவம் முக்கியம். அது இல்லாமல் பதிவு மட்டும் செய்து வைத்தால், திருடுகிறவருக்கு மலை ஏறும் சிரமத்தை மிச்சப்படுத்தியதாகவே முடியும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். கல்வராயனிலோ, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்து ஊர்களிலோ உங்களுக்குப் பாட்டிமார் இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கைப்பேசியை அவர் முன்னால் வையுங்கள். பாட்டுக்கு முன்னால் அவருடைய பெயர், ஊர், அந்தப் பாட்டைக் கட்டியது யார் என்ற மூன்றையும் அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.